கயிறு பிடித்தவர் பெயர்

அன்புள்ள பிலோமி,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பம்பாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது, மாப்பிள்ளையே எழுந்து குடங்களில் பிடித்து வைக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் பாதிக் கவலை போய்விட்டது. அங்கே மீனுக்கு ருசியே இல்லை என்கிறாய். போய்ச் சேர்ந்து நாலு நாளில் என்ன ருசி தெரியும், போகப் போகப் பழகிவிடும். நான் நலம். கோழிகளும் நலம். நீ மறந்துவிட்டுப் போன குடை பத்திரமாக இருக்கிறது. இவ்வளவுதான் செய்தி என்றால் ஒரு இன்லண்ட் லெட்டர் போதும். நான் உன் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன் என்றால் விஷயம் பெரிது என்று உனக்கே தெரிந்திருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதால் முன்னும் பின்னுமாகத்தான் வரும். பொறுமையாகப் படி.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று நீ சிரிப்பாய். சொல்லத்தான் வேண்டும். கோயிலுக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கியை நீயும் உன்னோடு படித்த பிள்ளைகளும் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, அதை ஒரு மியூசியம் ஆக்கப்போகிறோம் என்று சொன்னபோது ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் உண்டு. ஓட்டை வலையையும் உடைந்த துடுப்பையும் யார் வந்து பார்ப்பார்கள் என்று நான்தான் கேட்டேன். நீ வீடு வீடாகப் போய்ச் சாமான் கேட்டாய். ஒருவர் ஓடாத சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார். இதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "இத பாத்துத்தான எங்கப்பா கடலுக்குப் போவாவ" என்றார். அதையும் வாங்கி மாட்டினாய். காற்றுகளின் பெயர்களை எழுதி வைத்த அன்று, கொண்டல் எது வாடை எது என்று நாலு கிழவர்கள் சண்டை போட்டு, அதில் இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அப்படி ஒரு மியூசியம். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஆட்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை, கிட்டங்கிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகிறார்கள். தங்கள் அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் அட்டையில் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஒவ்வொருவர் நடையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. அதைச் செய்தது என் மகள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. உன் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இனிமேல்தான் கடிதம். திறப்பு விழா அன்று உன் தொம்மை மாமா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தான் அல்லவா? என் ஒரே தம்பி. அவன் எல்லாவற்றுக்கும் வருவான். உன் ஞானஸ்நானத்துக்கு வந்தான், புதுநன்மைக்கு வந்தான், உன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் ஒன்றுகூடக் குறையாமல் கொண்டுவந்து வைத்தான். ஆனால் பந்தியில் உட்கார மாட்டான். வேலை இருக்கிறது, பஸ் போய்விடும் என்று ஏதாவது சொல்லிக் கிளம்பிவிடுவான். மாமாவுக்கு ஏன் நம்மைப் பிடிக்கவில்லை என்று சின்ன வயதில் நீ கேட்டபோது, அவனுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நான் சொன்னேன். அக்காள் வீட்டுச் சாப்பாடு எப்படி வெளிச் சாப்பாடு ஆகும் என்று நீ திருப்பிக் கேட்கவில்லை. நல்லவேளை என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்தால், கேட்டிருக்கலாம்.

அன்று நீ பங்குச்சாமியாரோடு வாசலில் நின்றிருந்தாய். உள்ளே, உன் அப்பா முத்துக் குளிக்கக் கட்டிய கயிறும் காலில் மாட்டி இறங்கிய கல்லும் வைத்திருக்கும் இடத்தில் மாமா நின்றான். சுவரில் நீ எழுதியிருந்தாய்: முத்துக் குளிக்க இறங்குகிறவரின் கயிற்றை அவர் மனைவியின் சகோதரர்தான் பிடிப்பார், இது நம் கடற்கரை வழக்கம் என்று. கீழே, நம் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்த அட்டையில், கடைசி சலாபத்தில் இந்தக் கயிற்றைப் பிடித்தவர் குளித்தவரின் தம்பி இன்னாசி என்று இருந்தது. சலாபம் என்றால் என்ன என்று பம்பாயில் யாரும் கேட்டால் சர்க்கார் நாள் குறித்து நடத்திய முத்துக்குளிப்பு என்று சொல். ஆறுமுகநேரியிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார் இரண்டையும் மாறி மாறிப் படித்துவிட்டு, "மேல மச்சான் பிடிக்கணும்னு போட்டிருக்கு, கீழ தம்பி பிடிச்சதா போட்டிருக்கே" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "அத எங்கம்மாகிட்டதான் கேக்கணும்" என்றாய். நான் காப்பி ஊற்றப் போவதுபோல் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாமா கிளம்பிக்கொண்டிருந்தான். "எழுத்து மணிமணியா இருக்குளா" என்று உன்னிடம் சொன்னான். என்னிடம் தலையை மட்டும் ஆட்டினான். அன்றும் சாப்பிடவில்லை.

அட்டையில் தப்பு உன்னுடையது இல்லை. நீ என்னிடம் கேட்டுத்தான் எழுதினாய். நான் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தேன். கயிறு யாரம்மா பிடித்தது என்றாய். சித்தப்பா என்றேன். முப்பது வருஷமாக வீட்டில் அப்படியே சொல்லிப் பழகியதால் நாக்கு கூசவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குக் கயிறு பிடித்தவன் தொம்மைதான். எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு, அப்பா கயிற்றை அவன் கையில் கொடுத்தார். அவனுக்கு அப்போது மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இடுப்பில் கட்டிய கயிற்றோடு ஒருவன் கடலுக்குள் இறங்கிப் போகிறான். மேலே வள்ளத்தில் இருக்கிறவன் கையில்தான் அவன் உயிர். கூடப் பிறந்தவனுக்குப் பங்கு பாகம் என்று ஏதாவது மனத்தாங்கல் இருக்கலாம், மனைவியின் கூடப் பிறந்தவனுக்குத் தன் அக்காள் தங்கை தாலியைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. அதனால்தான் மச்சான் கையில் கொடுப்பது. இதெல்லாம் நீயே எழுதி ஒட்டியிருக்கிறாய். நீ எழுதாதது, அந்தக் கயிற்றை மச்சான் கையிலிருந்து திருப்பி வாங்குவது எவ்வளவு பெரிய அவமானம் என்பது. அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. நான் செய்தேன்.

அந்தச் சலாபத்தில் நம் வள்ளத்துக்குச் சிப்பி குறைவாகவே வந்தது. கரையில் குவியல் குவியலாகக் கொட்டிப் பங்கு பிரிப்பார்கள். பக்கத்துக் குவியல் முழங்கால் உயரம் நிற்கும், நம்முடையது பரந்து கிடக்கும். பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே நிற்போம். காரணம் ஊருக்கே தெரியும். அப்பா கயிற்றை அசைத்துச் சொல்வதற்கு முன்பே தொம்மை இழுத்துவிடுவான். "மச்சான் மூச்ச விட இவன் மூச்சுதான் சீக்கிரம் முட்டுது" என்று வள்ளத்தில் கேலி செய்தார்கள். அவசரத் தொம்மை என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒருநாள் கரையில் ஒருத்தி என் காதுபட அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் ரோஷம் எப்படி என்று உனக்குத் தெரியும், அதில் பாதி உனக்கும் இருக்கிறது. அத்தனை பேர் முன்னிலையில் தம்பியைப் பார்த்து, "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குலே கயிறு? நாளையிலருந்து நீ தொட வேண்டாம்" என்றேன். அப்பா என்னைத் தடுக்க வந்தார், நான் விடவில்லை. தொம்மை ஈரக் கயிற்றைச் சுருட்டி, என் இரண்டு கைகளிலும் வைத்து, "இந்தாக்கா" என்றான். அதை நான் கொண்டுபோய் உன் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அதோடு விட்டேனா? "அவிய அசச்சாத்தான் இழுக்கணும், அதுக்கு முன்ன இழுக்காதிய" என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் குவியல் உயரமாக வந்தது. நானும் தலை நிமிர்ந்து நின்றேன். மூன்றாம் நாள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடியில் மயங்கிவிட்டார். மயங்கியவர் எப்படிக் கயிற்றை அசைப்பார்? சித்தப்பா, பாவம், நான் சொன்னபடியே அசைவுக்காகக் காத்திருந்திருக்கிறார். அடுத்த வள்ளத்திலிருந்து தொம்மைதான் குதித்து நீந்தி வந்து, ஏறி, கயிற்றைப் பிடுங்கி இழுத்திருக்கிறான். அவன் அந்த வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக் கொட்டப் போயிருந்தான். சொந்த அக்காளே வாங்கிவிட்ட கயிற்றை வேறு யார் நம்பிக் கொடுப்பார்கள்? அப்பாவுக்கு இரண்டு காதிலும் ரத்தம். அன்று சாயந்திரம் கண் விழித்த பிறகுதான் சொன்னார், சலாபம் தொடங்கிய வாரத்திலிருந்தே காதில் ரத்தம் வருகிறது, இரண்டு தடவை மேலே வரும்போது நினைவு தப்பியது, எனக்குத் தெரிந்தால் கடலுக்கு விடமாட்டேன் என்பதால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று தொம்மையிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். அதனால்தான் அவன் முன்கூட்டியே இழுத்திருக்கிறான். பயந்தாங்கொள்ளி என்று நான் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்கு இடது காது அன்றோடு போய்விட்டது. நான் திட்டும்போதெல்லாம் அந்தக் காதைத்தான் என் பக்கம் காட்டுவார், அது உனக்கும் தெரியும். எப்படிப் போனது என்று கேட்டதற்கு மட்டும் உனக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. முத்துக்குளிப்பும் அந்தச் சலாபத்தோடு நின்றுவிட்டது, அப்பா வலைத் தொழிலுக்கு வந்துவிட்டார். தொம்மை அடுத்த மாதமே தூத்துக்குடிக்குப் போய்த் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று தள்ளிப்போட்டேன். நாள் ஆக ஆக, இப்போது போய் எதற்குக் கிளறுவது என்று ஒரு சாக்கு கிடைத்தது. அப்பா சாகும்வரை இரண்டு மூன்று தடவை, "ஒந்தம்பிகிட்ட ஒரு வார்த்த பேசிரு" என்று சொன்னார். சரி சரி என்றேன். நான் எந்தக் காதைக் காட்டினேன் என்று பார்த்துக்கொள்.

நீ பம்பாய்க்குக் கிளம்பிய மறுநாள் கிட்டங்கிச் சாவியை வாங்கி, அந்த அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறினேன். முக்காணிப் பாலம் தாண்டும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். உப்பளம் கண்ணில் பட்டதும், இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மாமா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து யாருடையதோ ஸ்கூட்டருக்குக் கித்தான் உறை தைத்துக்கொண்டிருந்தான். துறைமுக வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருப்பதில்லை. அவன் பெண்டாட்டி லூர்து கடைக்குப் போயிருந்தாள். நான் அட்டையை அவன் முன்னால் வைத்தேன்.

"இது பொய்" என்றேன்.

அவன் ஊசியைக் கித்தானில் குத்தி வைத்தான். "பொய்யில்லயேக்கா. கடைசி நாளு இன்னாசியண்ணன் கையிலதான கயிறு இருந்துச்சு."

"அப்பொறம் ஏன்லே சாப்பிடாமப் போன?"

அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "கயித்துல முடிச்சு தப்பாப் போட்டு வச்சிருக்கிய. அப்படி முடிச்சுப் போட்டா ஆளு மேல வரமாட்டான், கயிறுதான் வரும். அத பாத்துட்டு எப்படிச் சோறு எறங்கும்?" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுகைதான் ஜெயித்தது. முப்பது வருஷமாகச் சொல்ல வேண்டியதை அந்த முற்றத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, எல்லோர் முன்னாலும் உன்னைக் கேவலப்படுத்தினேன், என் புருஷனை நீதான் எனக்குத் திருப்பிக் கொடுத்தாய், அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் என்றேன். சொல்லி முடிக்க இவ்வளவு நேரம்தான் ஆயிற்று, பிலோமி. இதற்கா முப்பது வருஷம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அவனிடம் ஒன்று கேட்டேன். அடுத்த வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவனுக்கு, இங்கே நேரமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்தது? அவன் சொன்னான். இப்போது நாம் அருள் நிறைந்த மரியே என்று சொல்கிறோமே, அந்தச் செபத்துக்கு அப்போது பிரியதத்த மந்திரம் என்று பெயர். கயிறு பிடிக்கிறவர்கள் அதைச் சொல்லித்தான் நேரம் பார்ப்பார்கள். மற்றவர்கள் ஐந்து சொல்லி முடிக்கும்வரை விட்டுவைப்பார்கள். அப்பா காதுக்காக இவன் நாலோடு இழுத்துவிடுவான். "கயித்த நீ வாங்கிட்ட. ஆனா மச்சான் எறங்கும்போதெல்லாம் எனக்கு வாய் தானா சொல்ல ஆரம்பிச்சிரும்க்கா. மூணு நாளும் அங்கன இருந்தே எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு அஞ்சு முடிஞ்சிது, ஆறும் முடிஞ்சிது. கயிறு வரல. ஏழு சொல்ல முடியல, குதிச்சுட்டேன்" என்றான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான் தெரியுமா? சொல்லிவிட்டு ஊசியை எடுத்து மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டான். பயந்தாங்கொள்ளி என்று நான் துரத்திவிட்டவன், பக்கத்து வள்ளத்தில் உட்கார்ந்து, கையில் கயிறே இல்லாமல் என் வீட்டுக்காரரின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் எண்ணியிருக்காவிட்டால் எனக்கு நீ இல்லை. நீ பிறந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனாலும் புதுக் குடித்தனம் போன பெண்ணுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா. மாப்பிள்ளை காதில் ரத்தம் வந்தால் அதை முதலில் உன்னிடம் சொல்கிற மாதிரி நீ இரு. வேலையில் சங்கடம், உடம்பில் சங்கடம், எதுவானாலும் சரி. அப்பா என்னிடம் மறைத்ததற்குக் காரணம் என்மேல் பிரியம் மட்டும் இல்லை, என் வாய்க்குப் பயமும்தான். பத்து பேர் சிரிக்கிறார்கள் என்பதற்காக உன் ஆளை நீயே விட்டுக்கொடுக்காதே. அந்தப் பத்து பேரில் ஒருத்தி முகம்கூட எனக்கு இப்போது நினைவில்லை. உன் வீட்டுக்கு யாராவது வந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுச் சாப்பிடாமல் போனால், அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்து விட்டுவிடாதே, ஏன் என்று கேள். இந்த மூன்றும் போதும், மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

போன சனிக்கிழமை மாமா ஊருக்கு வந்தான். நேரே கிட்டங்கிக்குப் போய்க் கயிற்றை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, சரியாகப் போட்டு மாட்டினான். விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. கடிகாரத்தைக் கொடுத்தவர் வந்து நின்று, "இப்பத்தான்டே இது கயிறு மாதிரி இருக்கு" என்றார். பிறகு வீட்டுக்கு வந்தான். நெய்மீன் குழம்பு வைத்திருந்தேன். இலை போட்டு உட்கார்ந்தான். இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, "புளி கொஞ்சம் கொறச்சலா இருக்குக்கா" என்றான். அவன் குறை சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். கடலம்மாவுக்கும் மாதாவுக்கும் அப்பாவுக்கும் அந்தக் கிட்டங்கிக்கும் சேர்த்து மனதுக்குள் நன்றி சொன்னேன். கயிற்றை நீ கேட்காமல் இருந்திருந்தால் அது இன்னும் என் டிரங்குப் பெட்டியில் கிடந்திருக்கும், நானும் வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பேன்.

பழைய அட்டையை இதோடு வைத்து அனுப்புகிறேன், உன் எழுத்து, அதைக் கிழிக்க மனம் வரவில்லை. அதன் இடத்தில் புதிதாக ஒன்று எழுதி நானே வைத்துவிட்டேன். சார்ட் பேப்பரை உன் மாதிரி நேராக வெட்ட வரவில்லை, எழுத்தும் வரிக்கு மேலேயும் கீழேயும் ஓடுகிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்தக் கயிற்றைப் பிடித்தவர் தொம்மை, குளித்தவரின் மச்சான். அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிய பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தார். வாங்கியவள் அவருடைய அக்காள்." கிறிஸ்துமஸுக்கு வரும்போது நல்ல எழுத்தில் திருத்தி எழுது. பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடு.

உன் அம்மா